நரகத்தின் ஊர்ப்பெயர்

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. கன்வென்ஷன் கடைசி நாள் இரவு பிரசங்கியார் ஒரு மணி நேரம் நரகத்தைப் பற்றிப் பேசினார் என்றும், அன்றிலிருந்து விளக்கை அணைத்தால் நீ எழுந்து உட்கார்ந்துகொள்கிறாய் என்றும் உன் அம்மா போனில் சொல்லியிருந்தாள். ஆனால் பெரியப்பாவை அசைத்தது கடிதத்தின் கடைசியில் நீ கேட்டிருந்த கேள்விதான். பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்தில் உட்காரும் தோழி சர்ச்சுக்கு வராதவள். மதியம் அவள் கொண்டுவரும் புளியோதரையில் பாதி உனக்கு. அவள் நரகத்துக்குப் போய்விடுவாளா என்று கேட்டிருக்கிறாய்.

இதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லப் பெரியப்பாவுக்கு அதிகாரம் இல்லை. மேடையில் நின்றவருக்கும் இல்லை. ஆனால் அந்தச் சொல் எந்த மண்ணிலிருந்து வந்தது, இயேசு அதை யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதெல்லாம் தெரிந்துகொள்ளக்கூடியவை. அவை தெரிந்தால் உன் பயம் போய்விடும் என்று சொல்லமாட்டேன். பயப்பட வேண்டிய இடம் எது என்று தெரியும்.

உன் வயதில் பெரியப்பாவுக்கும் ஒரு பயம் இருந்தது. பாட்டி வீட்டு முன்னறையில் 'இரு வழிகள்' படம் மாட்டியிருக்கும். 1866இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஷார்லொட்டே ரைலென் என்ற பக்தியுள்ள பெண்மணி யோசனை சொல்லி வரையவைத்த படம் அது. பல நாடுகளுக்கும் போய், பல மொழிகளில் அச்சாகி, கடைசியில் நம் பாட்டி வீட்டுச் சுவருக்கும் வந்திருந்தது. ஒரு பக்கம் ஒடுங்கிய பாதை ஏறி ஏறிப் பரம எருசலேமுக்குப் போகும். மறுபக்கம் அகலப் பாதை. நாடகக் கொட்டகை, சூதாட்ட விடுதி எல்லாம் தாண்டி எரிகிற ஊரில் போய் முடியும். அந்த நெருப்புக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ரயில் ஓடும். ஓய்வுநாளை மதிக்காதவர்களின் ஞாயிற்றுக்கிழமை ரயில் அது. அதைப் பார்த்த பையன் பல வருஷம் ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏற அழுதிருக்கிறான். அந்த நெருப்பு எந்த ஊரில் எரிந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆகவே உனக்குச் சொல்கிறேன்.

முதலில் உன் தமிழ் பைபிளை எடுத்துக்கொள். அதில் இரண்டு சொற்கள் வரும்: பாதாளம், நரகம். இரண்டும் ஒன்றில்லை.

பழைய ஏற்பாட்டின் எபிரெயச் சொல் 'ஷியோல்'. ஏறக்குறைய 65 இடங்களில் வருகிறது. செத்தவர்கள் எல்லோரும் இறங்கும் இருட்டான, சத்தமில்லாத இடம். நல்லவன் கெட்டவன் என்று அங்கே வரிசை பிரித்து நிறுத்துவதில்லை. யோசேப்பை மிருகம் தின்றுவிட்டது என்று நம்பிய யாக்கோபு, துக்கத்தோடே மகன் இருக்கும் அந்த இடத்துக்கே நானும் இறங்குவேன் என்கிறார். யோபு, வேதனை தாங்காமல், தன்னை அங்கே ஒளித்துவைக்கும்படி கடவுளிடமே மன்றாடுகிறார். ஆங்கிலத்தின் பழைய கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் இந்த ஒரே சொல் 31 இடங்களில் நரகமாகவும், 31 இடங்களில் கல்லறையாகவும், 3 இடங்களில் குழியாகவும் மாறிப்போனது. நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் பாதாளம் என்றே எழுதிக் குழப்பத்தைக் குறைத்தார்கள். புதிய ஏற்பாட்டில் இதற்கு நேரான கிரேக்கச் சொல் 'ஹேடிஸ்'. அதுவும் தமிழில் பாதாளம்தான்.

நரகம் என்று நாம் படிக்கும் சொல் வேறு. கிரேக்கத்தில் அது 'கெயென்னா'. புதிய ஏற்பாடு முழுவதிலும் 12 முறைதான் வருகிறது. பதினொன்று இயேசுவின் வாயிலிருந்து. ஒன்று யாக்கோபின் நிருபத்தில், அதுவும் மனுஷனுடைய நாக்கைப் பற்றி. ஊரூராய் நடந்து சபைகளை நாட்டிய பவுல் தம் கடிதங்களில் ஒருமுறைகூட அந்தச் சொல்லை எழுதவில்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் அத்தனை பிரசங்கங்கள் இருக்கின்றன. ஒன்றிலும் அது இல்லை. ஜனங்களை மனந்திருப்ப ஆதித்திருச்சபை கையில் எடுத்த சொல் அது அல்ல என்பதை நீயே எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

கெயென்னா ஒரு ஊர்ப்பெயர். எபிரெயத்தில் 'கே இன்னோம்', அதாவது இன்னோமின் பள்ளத்தாக்கு. நம் தெருவில் முஸ்லிம் வீடுகளில் ஜஹன்னம் என்று சொல்வார்களே, அந்தச் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். அந்தப் பள்ளத்தாக்கு எருசலேமின் பழைய நகரத்துக்கு மேற்கே தொடங்கி, தெற்கே வளைந்து, கீதரோன் பள்ளத்தாக்கோடு போய்ச் சேரும். இன்றைக்கும் இருக்கிறது. புல்வெளி இருக்கிறது, ஒலிவ மரங்கள் இருக்கின்றன, பக்கத்தில் சினிமா அரங்கு ஒன்றும் இருக்கிறது. கோடைக்கால ராத்திரிகளில் அங்குள்ள பழைய குளத்தின் படுகையில் இசைக்கச்சேரி நடக்கும். வேண்டுமானால் யாரும் அரை மணி நேரத்தில் நரகத்தைக் குறுக்கே நடந்து கடந்துவிடலாம்.

அப்படிப்பட்ட இடத்துக்கு ஏன் இந்தப் பெயர்? ராஜாக்களின் காலத்தில் அங்கே தோப்பேத் என்றொரு பலிமேடை இருந்தது. ஆகாஸ் ராஜா தன் பிள்ளைகளை அங்கே நெருப்பில் தகனித்தான் என்று நாளாகமம் சொல்கிறது. அவன் பேரன் மனாசேயும் அதையே செய்தான். போரில் ஜெயிக்கவும் ஆபத்து விலகவும், கடவுள் கேட்டார் என்று சொல்லி, பெற்ற பிள்ளையைத் தீயில் கொடுத்தார்கள்.

எரேமியா தீர்க்கதரிசி இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. குயவனிடம் ஒரு மண்கலயம் வாங்கினார். ஊர்ப் பெரியவர்களையும் ஆசாரியர்களையும் அழைத்துக்கொண்டு அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய், அவர்கள் கண் முன்னாலேயே அதைப் போட்டு உடைத்தார். இனி இது தோப்பேத் அல்ல, சங்காரப் பள்ளத்தாக்கு என்று பேர் மாற்றினார். அவர் மூலமாக ஆண்டவர் சொன்ன வார்த்தை ஒன்று உண்டு: பிள்ளைகளைச் சுட்டெரிக்க நான் கட்டளையிடவும் இல்லை, அது என் மனதில் தோன்றவும் இல்லை என்று. மகளே, இந்த இடத்தை மெதுவாகப் படி. நரகத்துக்குப் பெயர் கொடுத்த அந்த நெருப்பை மூட்டியவர் கடவுள் இல்லை. மனுஷர் கடவுள் பெயரைச் சொல்லி மூட்டினார்கள். கடவுள் அதைப் பார்த்துத் திடுக்கிட்டு நிற்கிறார்.

எரேமியாவின் இளமைக் காலத்தில் அரசாண்ட யோசியா அந்த மேடையை இடித்து, யாரும் அங்கே மறுபடி பிள்ளையைத் தீக்கடக்கப் பண்ணாதபடிக்கு அதைத் தீட்டாக்கினான். கி.மு. 586இல் பாபிலோனியர் வந்து எருசலேமையே எரித்தார்கள். அதற்குப் பிறகு நூற்றாண்டுகள் போகப் போக, அந்தப் பள்ளத்தாக்கின் பெயர் கடவுளுடைய நியாயத்தீர்ப்பின் பெயராக யூதர்களின் வாயில் நிலைத்துவிட்டது.

இந்த இடத்தில் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு தகவலைச் சரிசெய்துவிட வேண்டும். இயேசுவின் காலத்தில் கெயென்னா ஊர்க்குப்பையை எரிக்கும் இடமாக இருந்தது, இரவும் பகலும் அங்கே புகைந்துகொண்டிருக்கும், அதனால்தான் அவியாத அக்கினி என்றார் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி எழுதியவர்களில் நமக்குக் கிடைக்கும் முதல் ஆள் தாவீது கிம்ஹி என்ற யூத ரபி. அவர் வாழ்ந்தது கி.பி. 1200ஐ ஒட்டி, பிரான்ஸ் தேசத்தின் தெற்கே. இயேசுவுக்கும் அவருக்கும் இடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வருஷம். பள்ளத்தாக்கைத் தோண்டியவர்களுக்கும் அப்படி ஓயாமல் எரிந்த குப்பைமேட்டின் தடயம் கிடைக்கவில்லை. இயேசு கெயென்னா என்று சொன்னபோது கேட்டவர்களின் மனதில் எழுந்தது குப்பைப் புகையாக இருந்திருக்க வேண்டியதில்லை. எரேமியா உடைத்த கலயமும், அதற்கு முன்னால் எரிந்த பிள்ளைகளும் போதும்.

இனி, இயேசு அதை யாரிடம் சொன்னார்? பதினொரு இடத்தையும் பென்சிலால் கோடு போட்டுப் பார். மலைப்பிரசங்கத்தில் சீஷர்களிடம், சகோதரனை மூடன் என்று திட்டுவதைப் பற்றி. இன்னொருமுறை, அவர்கள் ஊழியத்துக்குப் புறப்படும்போது. அப்புறம் வேதபாரகரையும் பரிசேயரையும் பார்த்து, ஒருவனை மதம் மாற்றக் கடலையும் தரையையும் சுற்றி அலைகிறீர்கள், மாறினபின் அவனை உங்களைவிட இரண்டு மடங்கு நரகத்தின் மகனாக்குகிறீர்கள் என்று. எல்லாம் உள்வீட்டு ஆட்கள். ஆயக்காரனைப் பார்த்தோ, சமாரியப் பெண்ணைப் பார்த்தோ, ரோமச் சிப்பாயைப் பார்த்தோ அவர் அந்தச் சொல்லை உச்சரித்ததாக ஒரு வசனமும் கிடையாது.

ரோமச் சிப்பாய் என்றதும் நினைவுக்கு வருகிறது. வேலைக்காரனுக்காக வந்து நின்ற நூற்றுக்கு அதிபதி சிலைகளைக் கும்பிடும் படையைச் சேர்ந்தவன். அவனுடைய விசுவாசத்தைக் கண்டு இயேசு ஆச்சரியப்பட்டார். கிழக்கிலும் மேற்கிலுமிருந்து அநேகர் வந்து ஆபிரகாமோடு பந்தியில் உட்காருவார்கள், வீட்டுப் பிள்ளைகளோ வெளியே இருட்டில் தள்ளப்படுவார்கள் என்று அப்போதுதான் சொன்னார். உன் தோழியைப் பற்றிய கேள்வியை இந்த வசனத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார். யார் யாரைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்ற வரிசையே மாறிவிடுகிறது.

மத்தேயு 18ஆம் அதிகாரம் இன்னும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டிய இடம். யார் பெரியவன் என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இயேசு ஒரு சிறு பிள்ளையைக் கூப்பிட்டு நடுவிலே நிறுத்துகிறார். இந்தச் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவது அவனுக்கு நலமாயிருக்கும் என்கிறார். கை இடறினால் கையை வெட்டு, கண் இடறினால் கண்ணைப் பிடுங்கு, நரகத்தில் தள்ளப்படுவதைவிட அது மேல் என்கிறார். இதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பிள்ளை அங்கேதான் நிற்கிறது. பிள்ளைகளை எரித்த பள்ளத்தாக்கின் பெயரைச் சொல்லும்போது, நடுவிலே ஒரு பிள்ளையை நிறுத்தி வைத்துக்கொண்டு சொல்கிறார்.

லாசருவும் ஐசுவரியவானும் கதை உனக்கு ஞாயிறு பள்ளியிலேயே தெரியும். அதில் வருவது கெயென்னா அல்ல, பாதாளம். அதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. வாசலில் பருக்கள் நிறைந்தவனாய்க் கிடந்த பிச்சைக்காரனை அந்தப் பணக்காரன் ஒருநாளும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருப்போம். ஆனால் நெருப்பில் கிடந்துகொண்டு அவன் கேட்கிறான்: லாசருவை அனுப்பும், அவன் விரலைத் தண்ணீரில் தோய்த்து என் நாவைக் குளிரச் செய்யட்டும் என்று. பெயர் தெரிந்திருக்கிறது! இத்தனை நாளும் தெரிந்தே தாண்டிப் போயிருக்கிறான். அங்கே போன பிறகும் லாசரு அவனுக்கு எடுபிடிதான். தண்ணீர் கொண்டுவா, என் வீட்டுக்குப் போய்ச் சேதி சொல். ஒருமுறைகூட லாசருவிடம் நேராகப் பேசவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த பெரும்பிளப்பை யார் வெட்டினார்கள்? அவன் வீட்டு வாசற்கதவே முதலில் அந்தப் பிளப்பாக இருந்திருக்கிறது. சி.எஸ். லூயிஸ் 1940இல் எழுதிய 'வலியின் சிக்கல்' என்ற நூலில், நரகத்தின் கதவுகளுக்கு உள்பக்கம்தான் தாழ்ப்பாள் என்ற கருத்தைச் சொன்னார். லூக்கா எழுதிவைத்த இந்தக் கதையைப் படித்தவர்களுக்கு அது சட்டென்று விளங்கும்.

நம் திருக்குறளில் நரகத்துக்கு வரும் சொல் அளறு. அளறு என்றால் சேறு. காலை வைத்தவன் தன் பாரத்தாலேயே அமிழ்கிற இடம். அதில் வெளியிலிருந்து ஒருவர் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை.

இயேசு இப்படிச் சொன்ன சொல் சபையின் கைக்கு வந்த பிறகு என்ன ஆனது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். மனுஷர் அதை எடுத்தவுடனே மற்றவர் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். இத்தாலியக் கவி தாந்தே, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பெருங்காவியத்தில், தன் நகரத்து எதிரிகளைப் பெயர் சொல்லி நரகத்தில் வைத்தார். கதை நடப்பதாகச் சொல்லும் 1300ஆம் ஆண்டில் உயிரோடிருந்த போப் எட்டாம் போனிஃபாஸுக்குக்கூட அங்கே ஒரு குழி முன்கூட்டியே தயாராக இருந்தது. ஆனாலும் தாந்தே ஒன்றை ஆழமாகக் கண்டார்: அவருடைய நரகத்தின் அடியாழத்தில் நெருப்பில்லை, பனிக்கட்டி. நம்பியவரைக் காட்டிக்கொடுத்தவர்கள் அங்கே உறைந்து கிடக்கிறார்கள். மைக்கேலாஞ்சலோ 1541இல் சிஸ்டைன் சிற்றாலயத்தில் கடைசி நியாயத்தீர்ப்பை வரைந்து முடித்தபோது, ஓவியத்தைக் குறைசொன்ன போப்பரண்மனை அதிகாரி பியாஜோவுக்குக் கழுதைக் காது வைத்து நரகத்தில் நிறுத்தினார். அவர் போப்பிடம் முறையிட்டதற்கு, நரகத்தில் என் அதிகாரம் செல்லாதே என்று போப் சொல்லிவிட்டதாக ஒரு கதை வழங்குகிறது. ஓவியம் இன்றும் அப்படியே இருக்கிறது.

1741ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி அமெரிக்காவின் என்ஃபீல்டு ஊரில் ஜோனதன் எட்வர்ட்ஸ் பிரசங்கம் செய்தார். நெருப்பின் மேல் நூலில் தொங்கும் சிலந்தியைப் போல மனுஷன் கடவுளின் கையில் தொங்குகிறான் என்றார். ஜனங்கள் எழுப்பிய ஓலத்தில் அவர் பேச்சை நிறுத்த வேண்டியதாயிற்று. எட்வர்ட்ஸ் ஆழ்ந்த பக்தியும் கல்வியும் உள்ளவர். கேட்டவர்களைக் காப்பாற்றத்தான் அப்படிப் பேசினார். ஆனால் அடுத்த நூற்றாண்டில் ஜான் ஃபர்னிஸ் என்ற குருவானவர் சிறுவர்களுக்கென்றே நரகத்தைக் காட்டும் சின்னப் புத்தகம் ஒன்றை எழுதினார். பழுக்கக் காய்ந்த அடுப்புக்குள் ஒரு குழந்தை கதறுவது அதில் வருகிறது. பாவம் செய்யாதே என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல, நெருப்புக்குள் ஒரு பிள்ளையை வைத்தார். எரேமியா எந்தப் பள்ளத்தாக்கில் நின்று கலயத்தை உடைத்தாரோ, அதையே திரும்பக் கட்டினதுபோல ஆகிவிட்டது. உன்னைத் தூங்கவிடாமல் செய்த பிரசங்கத்தைப் பற்றிப் பெரியப்பாவின் வருத்தமும் இதுதான்.

வேறு மாதிரி நடந்துகொண்டவர்களும் சபையில் உண்டு. கி.பி. 203இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரச் சிறையில் பெர்ப்பெத்துவா என்ற பெண் இருந்தாள். வயது இருபத்திரண்டு போல. கையில் பால்குடிக் குழந்தை. கிறிஸ்துவை மறுதலிக்காததால் காட்டுமிருகங்களுக்கு முன் விடப்படப் போகிறாள். அந்தச் சிறையில் அவள் எழுதிய குறிப்புகள், ஒரு கிறிஸ்தவப் பெண் எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று. முகத்தில் புண் வந்து ஏழு வயதில் செத்துப்போன தம்பியை அவள் தரிசனத்தில் காண்கிறாள். இருட்டான இடம். அழுக்கு உடை, வெளிறிய முகம், அதே புண். அவன் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. விளிம்போ அவன் தலைக்கு மேலே. எம்பி எம்பிப் பார்க்கிறான், எட்டவில்லை. பெர்ப்பெத்துவா அழுது இரவும் பகலும் ஜெபிக்கிறாள். சில நாள் கழித்து மறுபடி தரிசனம். தொட்டியின் விளிம்பு பையனின் இடுப்பளவுக்கு இறங்கியிருக்கிறது. புண் ஆறித் தழும்பாகிவிட்டது. குடித்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளையும் போல விளையாடப் போகிறான்.

அதே கார்த்தேஜில்தான், அவளுக்குப் பல நூற்றாண்டு முன்னால், எரிக்கப்பட்ட சிசுக்களின் சாம்பல் கலசங்களைப் புதைத்த பெரிய மயானம் ஒன்று இருந்தது. பலியா, நோயில் இறந்த குழந்தைகளா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்த மயானத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், எரேமியாவின் புத்தகத்திலிருந்து எடுத்த 'தோப்பேத்'.

நரகம் எப்படிப்பட்டது, எவ்வளவு காலம் என்பதில் சபை ஒரே குரலில் பேசியதில்லை. தண்டனை முடிவில்லாதது என்று அகஸ்தீன் வலுவாக வாதாடினார். மேற்கத்திய சபை பெரும்பாலும் அவர் வழியில் நடந்தது. 381இல் நடந்த கான்ஸ்தாந்திநோப்பிள் சங்கத்தில் முக்கியப் பங்கு வகித்த நீசாவின் கிரகோரி, அந்த நெருப்பு தங்கத்தைப் புடமிடுவது போன்றது, கடைசியில் எல்லோரும் சுத்தமாகிக் கடவுளிடம் திரும்புவார்கள் என்று எதிர்பார்த்தார். மனந்திரும்பாதவர்கள் முடிவில் இல்லாமல் போவார்கள் என்பது மூன்றாவது கருத்து. இங்கிலாந்தின் பெரிய சுவிசேஷகர் ஜான் ஸ்டாட் 1988இல் தயக்கத்தோடு அந்தப் பக்கம் சாய்ந்தார். போப் இரண்டாம் ஜான் பால் 1999 ஜூலை 28ஆம் தேதி பேசுகையில், நரகம் ஓர் இடம் என்பதைவிட, கடவுளிடமிருந்து தங்களைத் தாங்களே பிரித்துக்கொண்டவர்களின் நிலை என்று விளக்கினார். நீ வளர்ந்த பிறகு இவர்களை எல்லாம் படி. எல்லோரும் ஒரே வேதத்தை முழங்காலில் நின்று படித்தவர்கள்.

அப்படியானால் நரகமே இல்லை என்று விட்டுவிடலாமே என்று நீ கேட்கலாம். பெரியப்பாவால் முடியாது. 1968 டிசம்பர் 25ஆம் தேதி, நம் சர்ச்சுகளில் எல்லாம் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்த அந்த இரவில், தஞ்சைக் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் பயந்து ஒரு குடிசைக்குள் ஒதுங்கின. நிலக்கிழார்களின் ஆட்கள் கதவை அடைத்துத் தீ வைத்தார்கள். 44 பேர் எரிந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இன்னோமின் பள்ளத்தாக்கு நம் காவிரிக்கரைக்கும் வந்திருக்கிறது, மகளே. பரலோகத்திலும் அந்தக் குழந்தைகளுக்காக ஒரு கேள்வி கேட்கப்படாது என்றால், பெரியப்பாவுக்கு அந்தப் பரலோகம் வேண்டாம். நியாயத்தீர்ப்பு உண்டு என்பது ஒடுக்கப்பட்டவனுக்கு நற்செய்தி. மத்தேயு 25இல் நியாயாதிபதி கேட்கும் கேள்விகளும் அவைதானே: பசித்தவனுக்குக் கொடுத்தாயா, அந்நியனைச் சேர்த்துக்கொண்டாயா, காவலில் இருந்தவனைப் பார்த்தாயா. அங்கே வரும் அக்கினி மனுஷருக்காக ஆயத்தம் பண்ணப்பட்டதாகவும் சொல்லவில்லை. பிசாசுக்கும் அவன் தூதருக்கும் என்றுதான் இருக்கிறது.

நியாயத்தீர்ப்பையும் இரக்கத்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ள நம் விசுவாசப் பிரமாணத்திலேயே ஒரு வரி இருக்கிறது. ஞாயிறுதோறும் நீ சொல்கிறாய்: கிறிஸ்து மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, பாதாளத்தில் இறங்கினார் என்று. இஸ்தான்புல் நகரத்தில் கோரா என்ற பழைய ஆலயம் ஒன்று உண்டு. 1315ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் சுவரில் இந்த வரியை ஓர் ஓவியன் வரைந்தான். கிறிஸ்து வெள்ளை உடையில் கால் அகட்டி நிற்கிறார். ஒரு கையால் ஆதாமையும் மறு கையால் ஏவாளையும் கல்லறையிலிருந்து இழுக்கிறார். உள்ளங்கையைப் பிடிக்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். பிடித்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லாதவர்களை அப்படித்தான் தூக்க வேண்டும். அவர் காலடியில் பாதாளத்தின் கதவுகள் பெயர்ந்து கிடக்கின்றன. பூட்டும் சாவியும் தாழ்ப்பாளும் சிதறிக் கிடக்கின்றன.

இயேசுவாலன்றி மீட்பு இல்லை என்பதுதான் பெரியப்பாவின் விசுவாசம். ஆனால் அந்தக் கை எவ்வளவு தூரம் நீளும் என்று அளந்து சொல்லப் பெரியப்பாவிடம் கோல் கொடுக்கப்படவில்லை. உன் தோழிக்காக ஜெபிப்பதில் தப்பில்லை. பெர்ப்பெத்துவா தன் தம்பிக்காக அழுததுபோல, அன்பினால் ஜெபி. அவளைப் பார்த்து நரகம் என்ற சொல்லை மட்டும் ஒருநாளும் உச்சரிக்காதே. ஆண்டவரே அதை வெளியாரிடம் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. இன்னோம் பள்ளத்தாக்கின் மேட்டில், ஸ்காட்லாந்து சபையின் புனித அந்திரேயா ஆலயத்துக்குப் பின்னால், பாறையில் குடைந்த பழைய கல்லறைகள் உண்டு. 1979இல் காபிரியேல் பார்க்காய் என்ற தொல்லியலாளர் அங்கே தோண்டிக்கொண்டிருந்தார். உதவிக்கு வந்த பள்ளிப்பிள்ளைகளில் ஒரு பையன் தொணதொணவென்று கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தானாம். பன்னிரண்டு பதின்மூன்று வயது, உன் வயதுதான். அவனை ஒரு மூலைக் கல்லறையைப் பெருக்கச் சொல்லி அனுப்பினார் பார்க்காய். பையனுக்குச் சலித்துப்போய், கையில் இருந்த சுத்தியலால் தரையைத் தட்டினான். தரை என்று எல்லோரும் நினைத்தது உண்மையில் இடிந்து விழுந்த கூரை. அதன் அடியில் திருடர் கைபடாத அறை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள். அவற்றுள் வெள்ளித் தகட்டைச் சுருட்டிச் செய்த இரண்டு தாயத்துகள். பெரியதை விரித்தாலே 97 மில்லிமீட்டர் நீளம், 27 மில்லிமீட்டர் அகலம்தான். உன் உள்ளங்கையில் வைத்து மூடிவிடலாம்.

உடையாமல் விரிக்க ஏறக்குறைய மூன்று வருஷம் ஆயிற்று. உள்ளே முள்முனையால் கீறியதுபோன்ற எழுத்து. ஆராதனை முடிவில் போதகர் கைகளை உயர்த்திச் சொல்வாரே, ஆரோனின் ஆசீர்வாதம், எண்ணாகமம் ஆறாம் அதிகாரம், அதுதான். ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், அவர் முகம் உன்மேல் பிரகாசிக்கட்டும் என்ற அர்த்தம். ஏறக்குறைய 2,600 வருஷப் பழமை. வேத வார்த்தைகள் எழுதிக் கிடைத்ததில் இதைவிடப் பழையது இன்னும் கிடைக்கவில்லை. எரேமியா கலயத்தை உடைத்த காலத்தை ஒட்டி, அதே பள்ளத்தாக்கின் விளிம்பில், யாரோ அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூடம் திறந்ததும் தோழியிடம் இந்தச் சுத்தியல் பையன் கதையைச் சொல். அவளுக்கும் பிடிக்கும். மத்தேயு 18இல் நீ போட்ட பென்சில் கோடுகளைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுது. இந்த முறை லீவுக்கு ஞாயிற்றுக்கிழமை ரயிலில்தான் வருகிறேன், அம்மாவிடம் சொல்லிவை.

அன்புடன்,
பெரியப்பா